ஓசியில் வந்த வேகம்

மூன்றாவது தடவையாக நஜீமா பொத்தானை அழுத்தினாள். பெட்டிக்குள் விசிறி சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது. எப்போதும் கேட்கும் 'பீப்' சத்தம்கூட இல்லை.

"இன்னாமா, எய்ந்துக்குமா அது?" என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிட்டம்மாள் கேட்டாள்.

"எய்ந்துக்கும், இருங்க" என்றாள் நஜீமா. எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை.

மணி பதினொன்று. இரண்டாயிரமாவது வருஷத்து ஜூன் மாதம். உத்திரமேரூர் கடைத்தெருவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அந்தச் சின்ன டைப்பிங் கடை அதற்குள் அடுப்பாகக் கொதித்தது. தாலுகா ஆபீசில் ஜமாபந்தி நடந்துகொண்டிருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய அதிகாரியே உட்கார்ந்து நேரில் மனு வாங்குவார். திருப்புலிவனத்துக்கு இன்றைக்குத்தான் முறை. ஒரு மணிக்கு அவர் சாப்பிட எழுந்தால் அப்புறம் அடுத்த வருஷம்தான்.

சிட்டம்மாள் திருப்புலிவனத்து ஏரிக்கரையோரம் இருக்கும் இருளர் குடியிருப்பிலிருந்து வந்திருந்தாள். அங்கே நாற்பத்தோரு குடும்பம். ஒருவரிடமும் சாதிச் சான்றிதழ் கிடையாது. அவள் மகள் மீனா பத்தாவது பாஸ் பண்ணியிருந்தாள். சான்றிதழ் இருந்தால்தான் மேலே படிக்க ஹாஸ்டலில் இடம். போன வருஷம் யாரோ எழுதிக் கொடுத்த மனுவில் முனியன் முனியப்பனாகவும் ஆதிலட்சுமி லட்சுமியாகவும் மாறிப்போய், ரேஷன் கார்டோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பி விட்டார்கள். அதனால்தான் இந்த முறை கார்டுகளையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துக்கொண்டு, நஜீமாவின் கடையைத் தேடி வந்திருந்தாள். நேற்றும் இன்று காலையுமாக நஜீமா பட்டியலை அடித்து முடித்தாள். பிரிண்ட் கொடுக்கப்போகும் நேரத்தில் திரை உறைந்து நின்றது. அணைத்துப் போட்டாள். அதோடு சரி.

முதலில் கரண்டைச் சந்தேகப்பட்டு ஸ்டெபிலைசரைப் பார்த்தாள். முள் சரியாகத்தான் நின்றது. மானிட்டர் ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். பிறகு பெட்டியின் மூடியைக் கழற்றி, ராம் என்ற நினைவகப் பட்டையை வெளியே எடுத்து, அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி அமுக்கினாள். அந்த வைத்தியத்துக்கு எந்தக் கம்ப்யூட்டரும் மசியும் என்று படித்த இடத்தில் சொல்லியிருந்தார்கள். இது மசியவில்லை.

போன வாரம் வரைக்கும் ஒரு நாளும் மக்கர் பண்ணாத மெஷின். கணவனின் தம்பி காசிம் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தான். கூடுதல் ராம் போட்டுத் தருகிறேன் என்று எடுத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து வைத்தான். அன்றிலிருந்து மத்தியானமானால் நின்றுவிடும். வெயிலுக்கு என்று நினைத்திருந்தாள்.

பத்து நிமிஷம் மேஜை விசிறியைத் திறந்த பெட்டிக்கு நேரே திருப்பி வைத்துவிட்டு மறுபடி போட்டாள். இந்த முறை 'பீப்' வந்தது. வெள்ளை எழுத்துகள் ஓடின. முதல் வரியில் பிராசசரின் வேகம் 450 என்று கண்ணில் பட்டது. அவள் வாங்கிய பில்லில் 300 என்றுதான் இருந்தது. அதை யோசித்து முடிப்பதற்குள் திரை மறுபடி செத்தது.

எதிரே இருந்த தானியேலின் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ச் சென்னைக்குப் போட்டாள்.

"நான் ஒண்ணும் பண்ணல பாபி. ராம் மட்டுந்தான் போட்டேன்" என்று அண்ணியிடம் சொன்னான் காசிம்.

"நானூத்தம்பதுன்னு காட்டுது. பில்லுல முந்நூறுதான கீது?"

இதைக் கேட்டதும் அவன் குரலில் பெருமையே வந்துவிட்டது. "வேகத்த ஏத்தி வெச்சிகிறேன் பாபி. ஒரே ஒரு ஜம்பர மாத்தினேன், நூத்தம்பது ஓசில வந்துச்சி. எங்க கடையில சூப்பரா ஓடிச்சி."

"உங்க கடையில ஏசி கீது. நான் டைப் அடிக்கிறேன் காசிம், ராக்கெட்டா வுட்டுக்கினு கீறேன்?"

பிராசசருக்குப் பக்கத்தில் மூன்று ஊசிகளும், அதில் இரண்டின் மேல் ஒரு கறுப்புக் குப்பியும் இருக்கும், அதுதான் ஜம்பர், அதைப் பிடுங்கிப் பக்கத்து ஜோடியில் போட்டால் பழையபடி ஆகிவிடும் என்றான். நஜீமா வந்து பார்த்தாள். குப்பி அரிசி மணி அளவுதான் இருந்தது. விரல் நுழையவில்லை. தலையிலிருந்த ஹேர்பின்னால் நெம்பியபோது அது தெறித்து மேஜைக்கு அடியில் ஓடியது. சிட்டம்மாள்தான் குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தாள். மாற்றிப் போட்டுப் பொத்தானை அழுத்தினால், அதே கறுப்பு.

மறுபடி தெருவைத் தாண்டினாள். மணி பதினொன்றே முக்கால்.

"ஆமால்ல" என்றான் காசிம். வேகம் நிற்பதற்காக உள்ளே வோல்டேஜ் அமைப்பையும் கூட்டி வைத்திருந்தானாம். அது இப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. ஒயரைப் பிடுங்கிவிட்டு, நாணயம் மாதிரி இருக்கும் பேட்டரியைக் கழற்றி, பத்து நிமிஷம் விட்டுப் போட்டால் எல்லாம் மறந்துபோய்ப் பழைய நிலைக்கு வந்துவிடும் என்றான். இன்னும் வேறு என்னென்ன மாற்றினாய் என்று அவள் கேட்டாள். சத்தியமாக ஒன்றுமில்லை என்றான்.

அந்தப் பத்து நிமிஷம் அரை நாளாக நீண்டது. பேட்டரியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நஜீமா சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாள். சிட்டம்மாள் கார்டுகளை எடுத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் ஏதாவது கேட்டிருந்தாலாவது பதிலுக்குக் கொஞ்சம் எரிந்து விழுந்திருக்கலாம்.

பேட்டரியைப் போட்டாள். 'பீப்'. 300. விண்டோஸ் மெதுவாக எழுந்து வந்தது. ஃபைலைத் திறந்தால் இருபத்தொன்பது பேர்தான் இருந்தார்கள். காலையில் அடித்த பன்னிரண்டு பேரைக் காணவில்லை. நஜீமா காசிமைத் திட்டிக்கொண்டே கார்டுகளைக் கேட்டாள். சிட்டம்மாள் ஒவ்வொன்றாக நீட்ட, எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து அடித்தாள். பன்னிரண்டரைக்கு மூன்று பிரதி வந்தது. ஒன்றைக் கடையில் வைத்துக்கொண்டு இரண்டைக் கொடுத்தனுப்பினாள்.

செம்பில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு நிமிர்ந்தபோது திரையின் மூலையில் இருந்த மணி கண்ணில் பட்டது. நடுராத்திரி பன்னிரண்டு நாற்பது என்று காட்டியது. கடைப் பிரதியைப் பிடுங்கிப் பார்த்தாள். தேதியைக் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும்படி வைத்திருந்தாள். அது போட்டிருந்தது: 01.01.1998. பேட்டரியைக் கழற்றியதில் தேதியும் மறந்துபோயிருக்கிறது. சத்தியம் பண்ணின காசிம் அதைச் சொல்லவில்லை.

கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தானியேலிடம் கத்திவிட்டு, ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு நடந்தாள். நடை பாதியில் ஓட்டமானது. புர்காவுக்குள் வியர்வை வழிந்தது. தெருவில் தெரிந்தவர்கள் என்ன ஏதென்று கேட்டார்கள். அவள் நிற்கவில்லை.

தாலுகா ஆபீஸ் சாமியானாவுக்குள் நுழைந்தபோது சிட்டம்மாள் வரிசையை விட்டு வெளியே நின்றிருந்தாள். மேஜையிலிருந்த எழுத்தர் மனுவை ஒதுக்கி வைத்திருந்தார். இது பழைய மனு, ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கொடுத்தது, பழையதையெல்லாம் உள்ளே ரெக்கார்டு ரூமில் போய்க் கேள் என்று சொல்லிவிட்டாராம். நேற்று அடித்ததை ரெண்டு வருஷம் என்கிறாரே என்று சிட்டம்மாளுக்குப் புரியவேயில்லை.

"சார், தேதி மட்டுந்தான் தப்பு. என் மெஷினு பண்ண தப்பு, இந்தம்மா மேல ஒண்ணுமில்ல" என்றாள் நஜீமா மூச்சிரைக்க.

எழுத்தர் அவளையும் காகிதத்தையும் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல அடிச்சா தப்பே வராதுன்றாங்க?"

நஜீமா பல்லைக் கடித்துக்கொண்டு பேனாவை நீட்டினாள். எழுத்தர் சிட்டம்மாளிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு திருத்த விட்டார். இரண்டு பிரதியிலும் பழைய தேதியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, நஜீமா சரியானதை எழுதினாள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழப்போன அதிகாரி, மறுபடி உட்கார்ந்து வாங்கினார். பெயர்களின் மேல் விரலை ஓட்டிவிட்டு இரண்டு மூன்று கார்டுகளைக் கேட்டுப் பார்த்தார். எல்லாம் ஒத்திருந்தது. கையெழுத்துப் போட்டு, எண் குறித்து ரசீது கொடுக்கச் சொன்னார்.

வெளியே புளிய மரத்தடியில் சிட்டம்மாள் ரசீதை மடித்து ரேஷன் கார்டுகளுக்கு நடுவே வைத்தாள். பிறகு, ஓடி வந்தியே, தண்ணி குடிச்சியா என்று கேட்டாள். இருவரும் ஆளுக்கொரு கோலி சோடா குடித்தார்கள்.

ஆடி மாதம் வருவாய் ஆய்வாளர் குடியிருப்புக்கே வந்து விசாரித்தார். முப்பத்தாறு வீட்டுக்குச் சான்றிதழ் வந்தது. மீதி ஐந்துக்கு அலைச்சல் தொடர்ந்தது. மீனா காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலில் சேர்ந்தாள்.