சிவப்புத் தாளில் விட்ட இடம்

ஹுங் ஹோம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கயிற்றுக்கடை மாடியில் யாப் சிபு எலும்பு முறிவுக்கு வைத்தியம் பார்த்தார். முன்னறையில் வைத்தியம், பின்னறையில் அடிமுறை. குருவைச் சிபு என்றும் அவர் மனைவியைச் சிமோ என்றும் கூப்பிடுவோம். அங்கே சேர ஒரே தகுதி, ஹக்கா பாஷை பேசும் எங்கள் இனத்து வீட்டில் பிறந்திருக்க வேண்டும். கான்டனீஸ்காரன் எவ்வளவு பெரிய பழக்கூடை கொண்டுவந்தாலும் சிமோ படியிலேயே நிறுத்தி, "இங்க சுளுக்கு மட்டும்தான் எடுக்கிறோம்" என்று அனுப்பிவிடுவாள்.

நான் லாய் ஃபுக். அப்போது இருபத்தாறு வயது. துறைமுகத்தில் மூட்டை இறக்கும் ஹக்கா கூட்டத்தில் வேலை, காலையில் வேலைக்கு முன் இரண்டு மணி நேரம் அந்தப் பின்னறை. எனக்கு ஜோடியாக அமைந்தவன், அதே கூட்டத்தில் மூட்டை இறக்கிய சுங் கியூ. அதிகம் பேசமாட்டான். "வாயில சோத்தை வச்சுக்கிட்டா பொறந்தே?" என்று சிமோ கேட்டால் சிரிப்பான், அவ்வளவுதான். ஆனால் கை பேசும். மூன்று வருஷத்தில் எங்கள் பன்னிரண்டு பேரில் அவனைத் தாண்டிப் போக யாராலும் முடியவில்லை.

எங்களுடையது கும்பிடுபூச்சி முறை. வீசி அடிப்பதில்லை, காலைத் தலைக்கு மேல் தூக்குவதில்லை. முதுகை இறாலைப்போல வளைத்து, மார்பை உள்ளே வாங்கி, தோளை இறக்கி, முழங்கைகளை நெஞ்சுக்கு நேராகச் சேர்த்துக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளங்கை மேலே பார்த்திருக்கும். பார்ப்பவனுக்குப் பிச்சை கேட்பதுபோலத் தெரியும். அடி குதிகாலில் கிளம்பி, முதுகில் ஏறி, விரல் நுனியில் வெடிக்கும். எதிராளிக்கும் நமக்கும் நடுவே ஒரு சாண் இடம் போதும்.

தினமும் முதல் வேலை அரைப்பது. ஜோடியாக நின்று முன்னங்கையோடு முன்னங்கை வைத்து, விடாமல் சுற்றுவது. வருகிற கையை ஏற்கணும், போகிற கையின் பின்னாலேயே போகணும், வெற்றிடம் கிடைத்தால் அந்த நொடியே உள்ளே நுழையணும். ஒரு வருஷம் அரைத்தால் எதிராளி எங்கே தள்ளப் போகிறான் என்பது அவன் தள்ளுமுன் நம் தோலுக்குத் தெரிந்துவிடும். அப்படித்தான் கியூவிடம் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. யாராவது ஊரைப் பற்றிப் பேசினால், "எங்க ஹுய்யாங் பக்கம்" என்று ஆரம்பித்தால், அவன் முன்னங்கை கட்டையாகிவிடும். முகத்தில் ஒன்றும் இருக்காது.

மாதம் ஒருமுறை பூஜை முடிந்ததும் சிபு வரலாறு சொல்வார். ஒரு துறவி மலையில் கும்பிடுபூச்சி ஒன்று குருவியை எதிர்த்து நின்றதைப் பார்த்தார், அதிலிருந்து இந்தக் கை பிறந்தது என்று தொடங்குவார்.

"போன மாசம் மைனான்னீங்க" என்பாள் சிமோ, கட்டுத்துணியைச் சுருட்டிக்கொண்டே.

"பறவைதானே. நீ துணியைச் சுத்து."

பிறகு குரல் மாறும். வடக்கிலிருந்து வந்த நம் ஆட்களுக்கு நல்ல நிலம் கிடைக்கவில்லை, மலைச்சரிவுதான் கிடைத்தது. சமவெளியில் இருந்த கான்டனீஸ்காரர்களோடு பன்னிரண்டு வருஷம் வெட்டு குத்து நடந்தது. தன் தாத்தாவை அறுவடைக் களத்தில் வைத்து வெட்டினார்கள். "அதனாலதான் இந்தக் கையை வெளியில குடுக்கிறதில்ல" என்று முடிப்பார். கியூ தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான்.

ஐம்பத்தாறாம் வருஷம் இலையுதிர் காலத்தில் சிபு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை மறைந்த குருமார்களின் பீடத்தின் முன் ஊதுபத்தி ஏற்றி எங்களை முறைப்படி சீடர்களாக எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். அதன்பிறகுதான் உள்பாடம் எல்லாம் கிடைக்கும். சிவப்புத் தாளில் சீடனின் பெயர், ஊர், மூன்று தலைமுறை முன்னோர் பெயர் எழுதி, படித்துக் காட்டி, அதை எரிக்க வேண்டும். செத்தவர்கள் அதைப் படிப்பார்கள் என்பது சிபுவின் நம்பிக்கை. எனக்கும்தான்.

"லாய், உன் எழுத்து நல்லா இருக்கும். ரெண்டு பேருக்கும் நீயே எழுது" என்றார்.

மறுநாள் ஒரு சரக்குச் சீட்டைக் கொடுக்க யாவ் மா தேய் பழச்சந்தைக்குப் போனேன். ஒரு பெண், கூடைகளுக்கு நடுவே நின்று, "குவான், இந்தப் பக்கம் பிடி" என்று சுத்தமான கான்டனீஸில் கத்தினாள். கூடையைப் பிடிக்கத் திரும்பியவன் கியூ. அவளோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். மூன்று வருஷத்தில் அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கிவைத்தான்.

"இது எங்க அக்கா" என்றான். "ஷுன்தேதான் எங்க ஊர். என் பேரு மாக் குவான்."

"பிறகு ஏண்டா?"

"கரையில வேலை கேட்டேன். ஹக்காவுக்கு மட்டும்தான்னாங்க. கப்பல்ல ஒரு ஹக்கா சமையல்காரனோட ரெண்டு வருஷம் இருந்தேன், பாஷை கொஞ்சம் வந்துச்சு. வேலைக்குச் சொன்ன பொய்ண்ணே. அப்புறம் உங்க கூட மாடிக்கு வந்தேன். முதல் நாள் அரைச்சப்பவே விட மனசு வரல."

"தாள்ல என்ன எழுதட்டும்?"

அவன் ஒரு துண்டுக் காகிதம் எடுத்துக் கொடுத்தான். சுங் குடும்பத்து மூன்று பெயர்கள். எல்லாம் அவனே கட்டியவை. "சொல்றதுன்னா சொல்லிடுங்க, நான் தடுக்கல. எழுதுறதுன்னா எழுதுங்க" என்றான்.

அந்த நான்கு நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சிபுவிடம் சொல்லிவிடுவது என்று படியேறுவேன், பாதியில் இறங்கிவிடுவேன். எழுதிவிடுவது என்று மை அரைப்பேன். இல்லாத மூன்று பேரை என் கையால் உண்டாக்கிச் செத்தவர்கள் முன் நிறுத்துவதா என்று தூரிகையைக் கழுவி வைத்துவிடுவேன். இன்னொன்றும் இருந்தது. அவன் போய்விட்டால் பின்னறையில் முதல் கை என்னுடையது. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்து நடப்பேன். மூட்டையைத் தவறிப்போட்டு மேஸ்திரியிடம் வசை வாங்கினேன். காலையில் அரைக்கும்போது அவன் கை இளகியிருந்தது, கட்டையாக இருந்தது என் கை. "முடிவு பண்ணலையா?" என்று மட்டும் கேட்டான்.

ஞாயிறு வந்தது. பீடத்தில் வாத்து, ஆரஞ்சு, மூன்று கிண்ணம் மது. சிபு புது நீல அங்கியில் இருந்தார். சிமோ என்னிடமிருந்து தாளை வாங்கிப் படிக்கத் தொடங்கினாள். என் பெயர், என் ஊர், என் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. பிறகு நிறுத்தினாள்.

"கியூவுக்கு விட்ட பக்கத்துல ஒண்ணுமே எழுதலையே."

சிபு என்னைப் பார்த்தார். நான் வாத்தைப் பார்த்தேன். பக்கத்தில் மண்டியிட்டிருந்தவன் எழுந்தான். கான்டனீஸில் பேசினான். "சிபு, அண்ணன் மேல தப்பில்ல. எழுத எனக்கு ஹக்கா பாட்டன் இல்ல. நான் ஷுன்தே மாக் குவான்."

யாரோ ஒருவன் கதவை அடைத்தான். இரண்டு பேர் மேல்சட்டையைக் கழற்றினார்கள். சிபு கையைக் காட்டி அவர்களை உட்காரவைத்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"என் தாத்தாவை எந்த ஆளுங்க வெட்டினாங்கன்னு தெரியுமா?"

"தெரியும் சிபு. மாசாமாசம் சொல்றீங்களே."

சிமோ வாயைப் பொத்திக்கொண்டாள். சிபு சிரிக்கவில்லை. அருகே போய் அவனுடைய வலது முன்னங்கையைப் பிடித்துத் தூக்கினார். உடைக்கப் போகிறார் என்றே நினைத்தோம். அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான்; கையை இழுக்கவில்லை. சிபு மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை எலும்பை விரலால் தடவிப் பார்த்தார், நோயாளிக்குப் பார்ப்பதுபோல. வெகுநேரம் பார்த்தார்.

"குடுத்ததைத் திருப்பி வாங்கணும்னா உடைச்சுத்தான் வாங்கணும்" என்றார். "நான் எலும்பைச் சேர்க்கிறவன். போயிடு. இனிமே இந்தப் படியை மிதிக்காதே."

அவன் மூன்றுமுறை தலை தரையில் படக் கும்பிட்டுவிட்டுப் போனான். மறுநாள் கரையிலும் அவனுக்கு வேலை இல்லை.

எல்லோரும் கலைந்தபின் சிபு என்னைக் கூப்பிட்டார். "நீ எழுதியிருக்கலாம். அவன் உனக்குத் தம்பின்னு நான் புரிஞ்சிருப்பேன். இல்ல, எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம். ரெண்டும் செய்யல. அவன் கையும் இல்லாம என் கையும் இல்லாம நடுவுல நின்னுட்டே. நான் அப்படியா சொல்லிக் குடுத்தேன்?"

என்னைச் சீடனாக எடுக்கும் பூஜையும் அன்று நடக்கவில்லை. ஆறு மாதம் கழித்து நடந்தது.

நான் சந்தைக்குப் போகப் பத்து வாரம் ஆயிற்று. நாலைந்து தடவை தெருமுனைவரை போய்த் திரும்பியிருக்கிறேன். கடைசியில் அவனே பார்த்துவிட்டான்.

"பழம் வாங்கவா?"

"உன்னைப் பார்க்க."

"பார்த்தாச்சுல்ல" என்று கூடையைத் தூக்கினான். நான் நகரவில்லை. கூடையை மறுபடி இறக்கிவிட்டு, "ஞாயித்துக்கிழமை இந்தக் கட்டட மொட்டைமாடிக்கு வாங்க. ஆறு பேருக்குச் சொல்லித் தர்றேன். எல்லாம் மூட்டைக்காரனுங்க, ஒருத்தனுக்கும் கை ஏந்தத் தெரியல. அரைக்க ஆளில்லாம எனக்குக் கை துருப்பிடிக்குது" என்றான்.

"என் மேல கோவம் இல்லையா?"

"இருக்கு. அதுக்கும் ஞாயித்துக்கிழமைதான் வரணும்."

போனேன். அன்று அவன் என்னை ஐந்துமுறை சுவரில் மோதவைத்தான். ஆறாவது முறை தண்ணீர் கொடுத்தான். அதன்பின் வாராவாரம் போனேன். அதை ஹுங் ஹோமில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சிமோ ஒருநாள் என் சட்டைக் கையை மடித்துவிட்டு, புதுக் கன்றலைப் பார்த்தாள்.

"இங்க இப்படி அடிக்கிறவன் எவன் இருக்கான்?"

நான் சட்டைக் கையை இறக்கிவிட்டேன். அவள் அலமாரியிலிருந்து அடிபட்டதற்குப் போடும் தைலம் இரண்டு புட்டி எடுத்து என் பையில் போட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் சிபு ஒரு கிழவரின் தோளைப் பிசைந்துகொண்டிருந்தார், கேட்டிருக்கும். தடுக்கவில்லை. சாகும்வரை குவானை அழைக்கவும் இல்லை.

மொட்டைமாடியில் புதிதாக வருகிறவர்கள் எப்போதும் ஒன்று கேட்பார்கள்: "நீங்க யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

குவான் முழங்கையைச் சேர்த்து நின்றபடியே சொல்வான். "ஹுங் ஹோம் யாப் சிபு. பொய் சொல்லிச் சேர்ந்தேன், துரத்திட்டார்."

அவர்கள் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்; தாளில் இடம் விட்டவனைப் பற்றி மட்டும் சொல்லமாட்டான். நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய், காயாத முகத்தை மறுபடி கழுவிக்கொண்டிருப்பேன்.