அஞ்சு கோட்டும் ஒரு கட்டைவிரலும்

கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கடற்கரையில் நிற்கிற பழைய கலங்கரை விளக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்துச் சத்தியம். ஒரு கை போதாது என்கிறவர்களுக்காக இன்னொரு கையையும் வைக்கலாம்.

2007-ஆம் வருஷம். புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். அங்கே நாலாம் நம்பர் கட்டிலில் பக்கிரி படுத்திருந்தார். மில் வேலை போன பிறகு லாஸ்பேட்டையில் ஒரு கடை வாசலில் கால்மிஷின் போட்டு, காலேஜ் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கோட்டு தைத்துப் பிழைக்கிறவர். உடம்பில் சர்க்கரை. வலது கால் கட்டைவிரலில் புண். வந்த அன்றே டாக்டர் இராமதாஸ் அதைப் பார்த்து, "நாலு வாரம் பாப்போம். ஆறலன்னா விரலை எடுத்துடலாம்" என்று பால் பாக்கெட் எடுப்பதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

பக்கிரிக்கு அந்த விரல் போனால் மிஷின் போச்சு. மிதியை அழுத்துவது பாதம்தான். ஆனால் எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வது கட்டைவிரல். இதை அவர் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டிருந்தார்.

மூன்று வாரம் போயிற்று. புண் ஆறவில்லை. டாக்டர், "காலைக் கீழ ஊனாதீங்க" என்பார். பிசியோதெரபி கலைவாணன், "தினம் இருபது நிமிஷம் நடக்கணும்" என்பார். ரெண்டு பேர் பேச்சையும் மதிக்க வேண்டுமென்று பக்கிரி கக்கூசுக்கு ஒற்றைக் காலில் போய், இரட்டைக் காலில் திரும்பினார்.

அப்போதுதான் ஹேமலதா அவர் கட்டிலோரம் வந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சமூகப்பணி படித்த பெண். டாக்டர், நர்ஸ், பிசியோ, சமூகப்பணியாளர் எல்லாரும் வாரம் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து ஒருத்தரிடம் ஒருத்தர் கற்றுக்கொண்டால் நோயாளிக்கு நல்லதா என்று ஆராய்ச்சி செய்ய வந்தவள். புதன்கிழமைதோறும் நாலாம் கட்டிலைச் சுற்றித்தான் கூட்டம்.

"என்னம்மா, ஆராய்ச்சி எப்பிடிப் போவுது?"

அவள் தாளை நீட்டினாள். ரெண்டு கட்டம். 'கற்றுக்கொடுத்தது' என்பதில் அறுபத்து மூன்று. 'கற்றுக்கொண்டது' என்பதில் பூஜ்யம்.

"அறுவத்தி மூணு பாடத்தையும் யாருக்கும்மா குடுத்தாங்க?"

"அதான்யா தெரியல. அடுத்த புதனோட கூட்டம் முடியுது. மறுநாள் ஆபரேஷன் லிஸ்ட்ல உங்க பேரு."

பக்கிரி கூரையைப் பார்த்து யோசித்தார். தையல்காரர் கண் அவருடையது. மூன்று வாரமாக அவர் பார்த்தது ஒன்று: அந்த ஆஸ்பத்திரியில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, கோட்டைத்தான் பார்க்கிறார்கள். டாக்டருக்கு முழங்கால் வரை, முழுக்கை. கலைவாணனுக்கு இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, அரைக்கை. சிஸ்டர் சுலோசனாவுக்கு இடுப்போடு சரி. கோட்டு எவ்வளவு நீளமோ பேச்சும் அவ்வளவு நீளம். ஹேமலதாவுக்குக் கோட்டே இல்லை. அதனால் கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் வாட்ச்மேன் அவளை, "பேஷண்ட் பாக்குற நேரம் முடிஞ்சுபோச்சும்மா" என்று தடுத்தார்.

"பன்னெண்டு மீட்டர் வெள்ளைத் துணி வாங்கிட்டு வா" என்றார் பக்கிரி.

மிஷினை அவர் மனைவி அஞ்சலாட்சி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். "விரலை எடுக்கப்போறான்னு ஊரே அழுவுது, இவருக்குத் தையல் கேக்குது" என்று வார்டுக்கே சொல்லிவிட்டுப் போனாள். இடது காலால் மிதித்து நாலு நாளில் நாலு கோட்டு தைத்தார். எல்லாம் ஒரே அளவு, முழங்கால் வரை, முழுக்கை. துணி மிச்சம் விழுந்தது. துணியை வீணாக்கினால் அவருக்குத் தூக்கம் வராது. வார்டைப் பெருக்குகிற சின்னப்பாப்பாவுக்கும் ஒன்று தைத்தார்.

"எனக்கு எதுக்குய்யா கோட்டு?"

"பாக்கெட் வச்சிருக்கேன். வெத்தலை வச்சிக்க."

புதன்கிழமை வந்தது. ஆராய்ச்சி விதி என்று சொல்லி ஹேமலதா எல்லாரையும் கோட்டு மாற்ற வைத்தாள். டாக்டர் இராமதாஸ் உள்ளே வந்தார். முழங்கால் வரைக்கும் நாலு கோட்டு நிற்பதைப் பார்த்தார். டெல்லியிலிருந்து பெரிய டாக்டர்கள் வந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, "வாங்க சார், உக்காருங்க சார்" என்றார். மற்ற நாலு பேரும் அதேபோல முடிவுகட்டினார்கள். அஞ்சு நாற்காலி பக்கத்தில் அஞ்சு பேர், நீங்க உக்காருங்க சார், நீங்க உக்காருங்க சார் என்று பத்து நிமிஷம் நின்றார்கள்.

"யாராவது உக்காருங்களேன். எனக்குக் கழுத்து வலிக்குது" என்றார் பக்கிரி.

உட்கார்ந்தார்கள். டாக்டர் தொண்டையைச் செருமி, "உங்க அபிப்பிராயம் என்ன சார்?" என்று சிஸ்டர் சுலோசனாவைக் கேட்டார்.

இருபது வருஷ சர்வீசில் இந்தக் கேள்வி சுலோசனாவுக்குப் புதுசு. "காலையில கட்டு மாத்துறப்ப புண்ணு மூடியிருக்கு, சார். சாயங்காலம் பாத்தா திறந்துக்குது. நடுவுல நடக்கவிடறாங்க."

கலைவாணன் நிமிர்ந்தார். "அப்பிடியா சார்? அப்ப செருப்புல அந்த விரலுக்கு நேரா ஒரு குழி வெட்டிடலாம் சார். நடக்கலாம், புண்ணு தரையில படாது."

"குறிச்சிக்கிறேன் சார்" என்று டாக்டர் எழுதினார். ஹேமலதா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார்."

"நான் இவர் வீட்டுக்குப் போயிருந்தேன் சார், குருசுக்குப்பத்துக்கு. ஃப்ரிட்ஜ் இல்ல. சம்சாரம் தினம் இங்க கொண்டாந்து குடுக்குற இன்சுலினைப் பக்கத்து வீட்டு முருகையனோட ஐஸ் பெட்டியில வச்சிருக்காங்க. அந்தப் பெட்டி வாரத்துல நாலு நாள் மீன்புடிக்கக் கடலுக்குப் போயிடுது."

"மருந்துமா?"

"மருந்தும்தான் சார்."

"நான் ரெண்டு தடவ டோஸ் ஏத்தினேனே."

"கடலுக்கு ஏத்தியிருக்கீங்க சார்" என்றார் கலைவாணன் மரியாதையாக.

வீட்டில் ஈர மணல் போட்ட மண்பானையில் மருந்தை வைப்பது என்று தீர்மானமாயிற்று. பக்கிரிக்கு நெஞ்சு குளிர்ந்தது. விரல் பிழைத்துவிடும்போல இருந்தது. அந்த நேரம் பார்த்து டாக்டர், "சார், நீங்க ஒண்ணும் சொல்லலியே" என்று சின்னப்பாப்பாவைக் கேட்டார்.

சின்னப்பாப்பா வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினாள். "நாலாம் நம்பர் கட்டிலுக்கு மட்டும் எறும்பு வருது. மொதல்ல கட்டிலோர பீரோவுக்குப் போச்சு. மிஷின் வந்ததுலேர்ந்து மிஷினுக்குப் போவுது."

டாக்டர் எழுந்து போய் மிஷின் டிராயரைத் திறந்தார். தவளக்குப்பம் கடை நெய் லட்டு, கால் கிலோ.

"அது வந்து... நூலு வழுக்கி ஓடட்டும்னு. நெய்யி" என்றார் பக்கிரி.

"நூலுக்கு முந்திரி எதுக்குய்யா?" என்றாள் சின்னப்பாப்பா.

மறுநாள் லிஸ்ட்டில் பக்கிரி பேரை அடித்துவிட்டார்கள். ஹேமலதா தாளைக் கூட்டிப் பார்த்தாள். கற்றுக்கொண்டது அறுபத்து நாலு. அன்றைக்குக் கற்றுக்கொடுத்தது பூஜ்யம். பழைய அறுபத்து மூன்றும் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. மீதி ஒன்று எறும்பு.

லட்டு நின்றது. புண் பதினெட்டாம் நாள் மூடியது. கோட்டை மட்டும் யாரும் கழற்றவில்லை. வாட்ச்மேன் சின்னப்பாப்பாவுக்குச் சல்யூட் அடித்தார். வில்லியனூரிலிருந்து ஒரு குடும்பம் அவளையும் டாக்டர் என்று நம்பி இன்னொரு அபிப்பிராயம் கேட்க வந்தது. அவள் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். சரியாகவும் இருந்தது.

பக்கிரி குழி வெட்டின செருப்போடு வீட்டுக்குப் போனார். மிஷின் முன்னால் உட்கார்ந்து, வலது கால் கட்டைவிரலால் மிதியைத் தொட்டார். நிற்க வேண்டிய இடத்தில் மிஷின் நின்றது.

சத்தியம் செய்த கையை எடுக்குமுன் ஒன்று: பக்கிரியின் வலது கால் கட்டைவிரல், 1978-இல் மில்லில் பஞ்சுப் பேல் விழுந்து நசுங்கி, அந்த வாரமே எடுக்கப்பட்டது.