அலமேலு மில்லின் எர்த் கம்பி

மலாயாவின் காஜா பேராங்கில் வயர்மேன் மருதப்பனிடம் யாராவது 'எர்த்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவர்கள் வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான். காப்பிக் கடையில் பிடித்து உட்கார வைத்துவிடுவான். "இரும்புப் பெட்டியில கரண்டு கசிஞ்சா எங்க போகும்? எர்த் கம்பி இருந்தா மண்ணுக்குள்ள போயிரும். இல்லேன்னா தொட்டவன் உடம்பு வழியா போகும்லா!" என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வான். ஆள் நல்லவன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

அப்பேர்ப்பட்ட வாய், அலமேலு முன்னால் ஒட்டிக்கொள்ளும். அப்பா போன பிறகு மாவு மில்லைத் தனி ஆளாக நடத்துகிறவள் அவள். வருகிற ஆண்களையெல்லாம் 'அண்ணே' என்பாள். மருதப்பனை மட்டும் 'வயர்மேன்' என்று கூப்பிடுவாள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் மனக்கோட்டை கட்டினான் மனுஷன். கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

மில்லில் ஒரு தொல்லை இருந்தது. மோட்டார் ஒரே வேகத்தில் பேயாட்டம் ஆடும். அரிசிக்கு அது சரி. மிளகாயோ சூடேறிக் கறுத்து, வாசனை போய்விடும். பக்கத்துச் செட்டி கம்பத்தில், அதாவது தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் தமிழ்ச் செட்டிகளின் கிராமத்தில், இருக்கும் சாரதாம்பாள், இன்னொரு தடவை தூள் கறுத்தால் கம்பமே டவுன் மில்லுக்குப் போய்விடும் என்று மலாயில் கறாராகச் சொல்லிவிட்டாள். அலமேலு யோசித்தாள். செங் ஊர்ப் பக்கம் மூடிவிட்ட ஒரு ஃபேக்டரியிலிருந்து ஸ்பீட் கண்ட்ரோலரையும் அதற்கேற்ற மோட்டாரையும் வாங்கிப் போட்டாள். கைப்பிடியைத் திருப்பினால் மோட்டார் நிதானமாகச் சுற்றும்.

மருதப்பன் அதற்கு வயர் இழுத்த அழகை, சும்மா சொல்லக்கூடாது, பார்த்துக்கொண்டே இருக்கலாம். கிணற்றடி ஈர மண்ணில் செம்புக் கம்பி அடித்து, அங்கிருந்து எர்த் கம்பியைக் கண்ட்ரோலரின் இரும்புப் பெட்டிக்குக் கொண்டுவந்து முடுக்கினான். எர்த் சரியாக இருந்தால்தான் எரியும் டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பார்த்தான். ஜம்மென்று எரிந்தது.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் ஆயுத பூஜை, அதுவும் மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்த பிறகு வரும் முதல் பூஜை. பெட்டியோ துருப்பிடித்துக் கிடந்தது. மெர்டேக்கா வளைவுக்கு அடித்த நீலப் பெயின்ட் மிச்சம் இருந்தது. கம்பியைக் கழற்றி, பெட்டி முழுக்க இரண்டு கோட் அடித்தான். அலமேலு கண்ணுக்கு அழகாக இருக்கட்டுமே என்றுதான், வேறென்ன! பூஜையன்று காலை கம்பியை மறுபடி முடுக்கினான். ஸ்பேனரைக் கீழே வைத்ததுதான் தாமதம், அலமேலுவின் தாயார் சிவகாமி அவன் சாமான்களை அள்ளிக்கொண்டு போய்ச் சாமி முன் வைத்துச் சந்தனம் பூசிவிட்டாள். பூஜையில் வைத்த ஆயுதத்தை விஜயதசமி வரை தொடலாமா? நேற்றுச் சோதித்ததுதானே என்று அவனும் மறுபடி சோதிக்காமல் விட்டுவிட்டான்.

விஜயதசமி காலையில் மில் வாசலில் கூட்டம். சாரதாம்பாள் மிளகாய்க் கூடையோடு முன்னால் நின்றாள். தரை கழுவிய ஈரம் காயவில்லை. மருதப்பன் மெயின் சுவிட்சைப் போட்டான்.

"செப்பாட்லா, மருது!" என்று அவசரப்படுத்தினாள் சாரதாம்பாள்.

"நல்ல நேரம் முடியப் போகுதுப்பா, ஓட்டு!" என்றாள் சிவகாமி.

அலமேலு வெறுங்காலோடு, ஈரக் கையில் குங்குமத்தோடு வந்தாள். பெட்டியில் எங்கே பொட்டு வைப்பாளோ என்று பார்த்த மருதப்பனின் கண் எர்த் போல்ட்டில் விழுந்தது. கம்பிக்கு அடியில் நீலமாகப் பெயின்ட் பிதுங்கிக்கொண்டிருந்தது. கம்பி இரும்பைத் தொடவே இல்லையே! பெயின்ட் மேலல்லவா உட்கார்ந்திருக்கிறது!

வாயை மூடிக்கொண்டு மிளகாயை அரைத்துவிட்டு, மத்தியானம் யாரும் இல்லாதபோது சரி செய்துவிடலாம். ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஊர் முழுக்க எர்த் பற்றி அளந்தவன், இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? அதுவும் அலமேலு முன்னால்!

அதற்குள் அவள் கை பெட்டியை நோக்கி நீண்டது.

"தொடாதீங்க!"

போட்ட கூச்சலில் அவள் கைக் குங்குமம் கொட்டிவிட்டது. மருதப்பன் அவளை விலகி நிற்கச் சொல்லி, டெஸ்ட் லேம்ப்பைப் பெட்டியின் பெயின்ட் படாத திருகாணியில் வைத்தான். எரியவில்லை.

"எர்த் வேலை செய்யல. கம்பிக்கு அடியில நான்தான் பெயின்ட் அடிச்சு வச்சிருக்கேன். என் தப்பு" என்றான்.

ஐயோ, எழுந்த சிரிப்பைக் கேட்க வேண்டுமே! காப்பிக் கடைக்காரன்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தான். மருதப்பன் காது சிவக்க மெயினை அணைத்தான். இரும்பு பளபளக்கும் வரை பெயின்டைக் கத்தியால் சுரண்டினான், கம்பியை முடுக்கினான், மறுபடி கரண்டைப் போட்டுச் சோதித்தான். விளக்கு பளிச்சென்று எரிந்தது. நல்ல நேரம் எப்போதோ போய்விட்டிருந்தது.

அலமேலு கைப்பிடியைத் திருப்பினாள். மோட்டார் மெதுவாக முனகியது. மிளகாய்த்தூள் செக்கச்செவேலென்று கொட்ட, வாசலே தும்மியது. சாரதாம்பாள் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து, "பாகூஸ்!" என்று மெச்சி, மீதியையும் அரைக்கக் கூடையை நகர்த்தி வைத்தாள்.

மருதப்பன் அங்கே நிற்கவில்லை. இனி இந்த வாசலை மிதிக்கிற யோக்கியதை நமக்கில்லை என்று சாமான்களைக் கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தான். பின்னாலேயே அலமேலு வந்தாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"என்னால உங்க உயிருக்கே..." என்று ஆரம்பித்தவன் சைக்கிளை உருட்டப் பார்த்தான்.

"என்னைப் பொண்ணு கேட்டு வந்தவங்க எல்லாம் தங்களுக்கு ஒரு கொறையும் இல்லேன்னுதான் சொன்னாங்க. நீங்க ஊரே சிரிக்கும்னு தெரிஞ்சும் தப்ப ஒத்துக்கிட்டீங்க. அம்மா உள்ளதான் இருக்காங்க, போய்க் கேளுங்க."

"என்னத்தக் கேக்க?"

"இத்தன மாசமா என்கிட்ட கேக்காம முழுங்குறீங்களே, அதத்தான்!"

சைக்கிள் தடாலென்று கீழே விழுந்தது. மருதப்பன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடினான்.