சுடுகிற வாடை

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் கிளிபோட் குடியிருந்த அப்பாட்மென்ரில், ஜனவரி மாதத்தில் வடக்கிலிருந்து வரும் வாடைக்காற்று சுடும். மற்ற வீடுகளின் யன்னல்களில் ஐஸ் உறைந்திருக்க, இவர் வீட்டுக்குள் செம்புழுதி பறக்கும். ஹீற்றர் திருத்த வந்தவன், ஹீற்றரில் பிழையில்லை என்று சொல்லிப் போனான். பக்கத்து ஊரான அஜக்ஸுக்கு வீடு மாறினார்கள், காற்றும் கூடவே வந்தது. ஒஷாவாவுக்கு மாறினார்கள், அங்கேயும் திரைச்சீலை சிவந்தது. பெட்டி கட்டியே களைத்துப்போன மனைவி றீற்றா, பழைய கட்டடத்துக்கே திரும்பக் கூட்டிவந்தாள். மனுசனோ இருப்புக்கொள்ளாமல் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து கதை எழுதினார்.

மன்னாரில் பிறந்தவர். படகேறி அவுஸ்திரேலியா போய், மில்டூராவில் திராட்சை பிடுங்கி, எட்டு வருஷம் அரைகுறை விசாவில் காத்திருந்தார். கடைசியில் அந்த அரசாங்கம் கைவிரித்தது. றீற்றா கலியாணம் கட்டி, ஸ்பொன்சர் பண்ணி கனடாவுக்கு எடுத்தாள். ஆனால் அவர் எழுதியதெல்லாம் அந்த மண்தான். ஆறு வற்றுவது, காடு எரிவது, தேர்தலில் யார் வென்றால் யாரைத் திருப்பி அனுப்புவார்கள் என்று பழம் பிடுங்கியபடியே ஆட்கள் பேசுவது.

புலம்பெயர் கதைகளை நாடுவாரியாகத் தொகுத்துக்கொண்டிருந்த அருள்நாயகம், கிளிபோட்டின் கதையோடு நேரே வீட்டுக்கு வந்தார்.

"வாடை எண்டால் குளிர், ஐசே. நீர் சுடுதெண்டு எழுதியிருக்கிறீர். சின்னப்பிள்ளைக்கும் தெரிஞ்ச பிழை."

"அங்கை வடக்குப் பக்கம் பாலைவனம், அண்ணை. வாடைதான் சுடும்."

"சரி, அதைத் திருத்திப்போட்டு கனடாப் பகுதியில போடுவம். அவங்கள் விசாவே தரேல்லை, பிறகென்ன உமக்கு அவுஸ்திரேலியா?"

விசா மறுத்த கடிதத்தைவிட இது கிளிபோட்டுக்கு நொந்தது. எட்டு வருஷத்தையும் ஒருவர் வாயால் ஊதித் தள்ளுகிறாரே!

"அப்ப கதையைத் தாங்கோ" என்றார்.

தர அருள்நாயகத்துக்கு மனமில்லை, நல்ல கதை. யோசித்தபடியே கோட்டைக் கழற்றினார், பிறகு சுவெற்றரை, பிறகு காலுறையையும். வெளியே ஸ்னோ கொட்டியது. உள்ளே அவர் மீசையில் புழுதி படிந்தது. காடு எரிகிற மணம் மூக்கில் ஏறியது.

"யன்னலைப் பூட்டும்."

"பூட்டித்தான் கிடக்கு," என்றாள் றீற்றா. "அது எந்தப் பக்க யன்னல் எண்டு பாருங்கோ."

வடக்கு. அருள்நாயகம் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கதையைக் கையோடு கொண்டுபோனார்.

சித்திரையில் புத்தகம் வந்தது. கதையில் வாடை சுட்டபடியே இருந்தது. கதையின் அடியில் அருள்நாயகம் தானாகவே இரண்டு வரி சேர்த்திருந்தார்: கிளிபோட், அவுஸ்திரேலிய எழுத்தாளர். தற்சமயம் ரொறன்ரோவில்.