பத்து மணி மாத்திரை, பதினோரு மணி ஊசி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையைப் பயந்துகொண்டேதான் எழுதுகிறேன். திருப்பதியிலிருந்து நகரிக்கு வரும் பஸ்ஸில் முன்சீட்டில் ஒருவரைப் பார்த்தேன். இரண்டு காதிலும் பொட்டளவு பிளாஸ்திரி. வலக்கையை விரித்து விரித்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். பக்கத்திலிருந்த மனைவி சிரிக்கவில்லை. எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கற்பனை.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'வேதாச்சலத்தின் கை நடுங்க ஆரம்பித்த அன்று நகரியில் மழை—'

(வேண்டாம். மழைக்கும் நடுக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?)

2

ருக்மணியிடமிருந்து தொடங்குவோம். பயம் அவளிடம்தான் இருக்கிறது.

அவள் புருஷன் வேதாச்சலம் நகரியில் நகை செய்கிற பத்தர். சுற்றுவட்டாரத்தில் எந்தக் குழந்தைக்குக் காது குத்துவதென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு வருஷமாகப் பார்க்கின்சன். கை நடுங்கும், நடை இழுக்கும். இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. போன வாரம் சித்தூர் டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். அது போதாதென்று, யாரோ சொன்னார்களென்று, புதன்கிழமை திருப்பதியில் காதில் ஊசி வைத்து வைத்தியம் செய்கிறவரிடமும் போனார்கள்.

கூட்டி எழுதிய மாத்திரையின் முதல் வேளையை ருக்மணிதான் பத்து மணிக்குப் புத்தூர் பஸ் ஸ்டாண்டில் கையில் கொடுத்தாள். பதினோரு மணிக்கு ஊசி. சற்று நேரத்தில் கை நடுக்கம் நின்றது.

"பாத்தியா ருக்கு! நிக்கிது பார்டி! ஊசின்னா இது ஊசி!"

மாத்திரை வேலை செய்கிற நேரம் அது என்று அவளுக்குப் பட்டது. சொல்ல வாயெடுத்தாள். அந்த மனுஷன் சிரித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாழாய்ப்போன வாய், மூடிக்கொண்டது.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: காதில் வைக்கிற ஊசி இந்த நோய்க்கு உதவுமா என்று ஆராய்ந்தவர்கள் உண்டு. உறுதியாக ஆமென்று சொல்லச் சான்று போதாது. ஊசி வைத்தவர், மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று தெலுங்கில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொல்லித்தான் அனுப்பினார். அவர்மேல் பழி போடாதீர்கள்.)

3

ஞாயிற்றுக்கிழமை புத்தூரில் சிட்டிபாபு என்பவரின் பேத்திக்குக் காது குத்து. ஒன்பது மாதக் குழந்தை. வேதாச்சலம் புதன்கிழமை சாயங்காலமே தானாகப் போய், "கை செரியாப் பூட்ச்சி, நானே குத்தறேன்," என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அன்று காலையில் அவருக்குச் சட்டைப் பித்தான் போட விரல் வரவில்லை. ருக்மணி போட்டுவிட்டாள். சட்டைப் பையில் மாத்திரை அட்டை தட்டுப்பட்டது. புதன்கிழமைக்குப் பிறகு ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"இன்னாங்க இது? நாலு நாளா துன்னவே இல்லியா?"

"ஊசிக்குத்தான் கேக்குதே, அது எதுக்கு? கொமட்டிக்கினு வருது."

"இப்ப கை ஆடுதே!"

"ராத்திரி தூக்கமில்ல, அதான். கம்னு வா."

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, ஐயோ, சொல்லியிருக்கலாமே என்று பஸ் முழுக்கப் புலம்பிக்கொண்டு வந்தாள், சத்தமில்லாமல்.

4

நான் எழுதிய முதல் முடிவில் கை நடுக்கம் நின்றது, காது குத்தும் கம்பி பூப்போல இறங்கியது. அழகாகத்தான் வந்தது. கிழித்துப் போட்டேன். இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டில் யாராவது மாத்திரையை நிறுத்தினால்? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

இரண்டாவது முடிவு: கம்பி காதில் இறங்காமல் கண்ணுக்குப் பக்கத்தில்—

(மூன்று தடவை உட்கார்ந்தேன். முடியவில்லை.)

மூன்றாவதில் ருக்மணி சபையில் எழுந்து கத்த வேண்டும். அவளையே கேட்டேன்.

"அத்தினி பேரு முன்னால அவரு மானத்த வாங்கிட்டு, அப்பால எப்டி சார் அவரு மூஞ்சில முழிப்பேன்?"

"சொல்லாம விட்டா அந்தக் குழந்தைம்மா?"

"அதான் சார் ஈரக்கொல நடுங்குது. நீங்களே எதனா எழுதுங்க."

எழுதுகிறவனுக்கு மட்டும் ஈரக்குலை இல்லையா?

5

மண்டபம். மொட்டைத் தலையில் சந்தனம். குழந்தை தாய்மாமன் மடியில் வீறிடுகிறது. வேதாச்சலம் தங்கக் கம்பியை எடுத்துவிட்டார். முனை ஆடுகிறது. மேளச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை.

அந்தத் தாய்மாமனுக்கு நான் பெயர் வைக்கவில்லை. அது நீங்கள்தான். குழந்தையின் தலை உங்கள் இரண்டு கைக்குள் இருக்கிறது. மாத்திரை விஷயம், அந்தப் புருஷன் பெண்டாட்டியை விட்டால், மண்டபத்தில் உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும்.

"கெட்டியா புடிப்பா, அசையக்கூடாது," என்கிறார் வேதாச்சலம்.

ருக்மணி உங்களையே பார்க்கிறாள். கம்பி கிட்டே வருகிறது. நான் இதற்குமேல் ஒரு வரியும் எழுதப்போவதில்லை.

இன்னும் பிடித்துக்கொண்டா இருக்கிறீர்கள்?