ஒற்றை ஆள் படகு

ஆஸ்டின் டவுனில் கோதண்டராமன் வீட்டு வாசலில் கடல் தினமும் மத்தியானம் ஏறி, சாயங்காலம் இறங்கியது. தண்ணீர் லாரிகூடத் தெருவுக்குள் எட்டிப் பார்க்காத கோடை அது. ஆகவே அக்கம்பக்கத்தார் முதலில் திருட்டுக் காவேரிக் குடிநீர் இணைப்பு என்றுதான் நினைத்தார்கள். எதிர்வீட்டு மௌரீன் சர்க்கரை கேட்கிற சாக்கில் வந்து, வாசற்படிக்குக் கீழே ஏதாவது குழாய் தெரிகிறதா என்று காலால் துழாவிப் பார்த்துவிட்டுப் போனாள். தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாட்டர்மேன் வந்தார். ஒரு கை அள்ளி நாக்கில் வைத்து, "இது நம்ம நீரல்ல" என்று கன்னடத்தில் சொல்லித் துப்பினார். திருட்டுப் பட்டம் அதோடு போயிற்று, சந்தேகம் போகவில்லை. குழாயே இல்லாமல் தண்ணீர் வரவழைக்கிறவனிடம் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று தெரு முடிவு செய்தது.

எல்லாம் படகு வந்த பிறகுதான். கோதண்டராமன் கார் கராஜில் டிங்கர், நசுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்திப் பட்டி பூசுகிறவன். மகளோடு இருக்க ஆஸ்திரேலியா கிளம்பிய டென்சில் என்பவர், ஒரு காலத்தில் அல்சூர் ஏரியில் ஓட்டிய மரப் பாய்மரப் படகைப் பழைய காரோடு கராஜில் விட்டுப் போனார். காரைப் பழைய இரும்புக்காரன் எடுத்துக்கொண்டான். படகைக் கோதண்டராமன் டெம்போவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தான். அடிபட்ட மாருதிக்குச் செய்கிற வைத்தியத்தையே அதற்கும் செய்தான்: விரிசலுக்கு எம்-சீல், பள்ளத்துக்குப் பட்டி, பிறகு உப்புத்தாள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க மரத்திலிருந்து வெள்ளை வெள்ளையாக உப்பு உதிர்ந்தது. உப்பு வந்த வழியே தண்ணீரும் வந்தது. கேட்டவர்களிடம், "தாளு பேர்லயே உப்பு கீதே, அப்பறம் இனிச்சிக்கினா வரும்?" என்றான்.

அவன் மனைவி வேதநாயகிக்குத் தண்ணீர் ஒரு விஷயமே இல்லை. புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு சமைத்தாள். உள்ளே வந்த மீனைக் குழம்பு வைத்தாள். அவள் பார்வை முழுக்கப் படகில் இருந்தது. பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் அவள் செக்கர். தைத்து முடித்த சட்டையை வெளிச்சத்தில் பிடித்துக் குற்றம் கண்டுபிடிப்பதுதான் சம்பள வேலை, அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டிருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. கல்யாணமான புதிதில், இரண்டு வார வேலை என்று மங்களூர் போன கோதண்டராமன் மூன்று வருடம் கழித்து, தீப்பெட்டி வாங்கப் போய்த் திரும்பியவன்போல் உள்ளே வந்து, "இன்னா கொழம்பு?" என்று கேட்டான். எங்கே இருந்தாய் என்று அவள் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

"இன்னாய்யா, ஒக்கார ஒரே பலகதான் போட்டுக்கினு கீற?" என்றாள்.

"ஒரு ஆள் படகுமே இது. அவ்ளோதான் எடம்."

"யாரு அந்த ஒரு ஆளு?"

"பெயின்ட் காயட்டும், பாக்கலாம்."

பெயின்ட் காய்ந்தது. பாயும் தைத்தாகிவிட்டது. வேதநாயகி அதை வெளிச்சத்தில் பிடித்து ஓரம் ஓரமாகப் பார்த்தாள். சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியாத மனுஷன் ஒரு தையல் தப்பாமல் தைத்திருந்தான். இந்த முறை போனால் வரமாட்டான் என்று நினைத்தாள். அந்த மூன்று வருடத்தை இன்னொரு முறை தாங்க அவளுக்குத் தெம்பில்லை, அழுகையாக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கராஜில் வண்டி இழுக்கிற தடித்த கயிற்றை எடுத்து, படகின் பின்பக்கத்தைச் சமையலறைத் தூணோடு சேர்த்துக் கட்டினாள்.

ஆடி பிறந்த ஞாயிற்றுக்கிழமை மேல்காற்று வந்தது. தெருவில் காயப்போட்ட துணி ஒன்றுகூட அசையவில்லை, கோதண்டராமன் பாயில் மட்டும் காற்று அடைத்தது. படகு நகர்ந்தது, கயிறு விறைத்தது.

"கவுத்த அவுருமே!"

"அவுக்கமாட்டேன். போறதுன்னா போ."

தூண் முனகியது. சுவர் அடியோடு பெயர்ந்தது. அடுப்பில் சாம்பார் தளும்பியது. கோதண்டராமன் திரும்பிப் பார்த்து, "அப்ப கேஸையாவது மூடு" என்றான். மூடினாள். இரண்டு அறையும் தகரக் கூரையும் அவளுமாக வீடு அவன் பின்னால் தெருமுனை திரும்பியது. கடலும் கூடவே போயிற்று. மௌரீன் வழிக்கு முறுக்கு கொடுத்தாள். காலியான இடத்தில் அன்று சாயங்காலமே மூன்று ஸ்கூட்டர்கள் நின்றன.

அதற்குப் பிறகு வீடு பழைய மெட்ராஸ் ரோட்டோடு கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. டின் ஃபேக்டரி ஸ்டாப்பில் போக்குவரத்து நெரிசலில் மாட்டி ஒரு மாதம் நின்றது, எல்லோருக்கும் அப்படித்தானே. வேதநாயகி வேலையை விடவில்லை. பெண்களுக்கு பஸ் இலவசம் என்பதால் வீடு தள்ளிப்போனது அவளுக்குச் செலவு வைக்கவில்லை. ஷிப்ட் முடிந்ததும் போன் போட்டு, "வூடு எங்க கீது?" என்று கேட்பாள். அவன் ஸ்டாப் பெயரைச் சொல்வான். போய் இறங்கியதும் கயிற்றைத்தான் முதலில் பார்ப்பாள்.

போன மாதம் ஹொஸகோட்டேயில் இறங்கியவள், பழைய கயிறு நைந்து அறுந்து கிடப்பதைப் பார்த்தாள். தூணில் புதுக் கயிறு இருந்தது. காலையிலேயே மாற்றிவிட்டதாகக் கோதண்டராமன் மீன் வலையை உதறியபடி சொன்னான். வேதநாயகி முடிச்சை இழுத்துப் பார்த்தாள், வெளிச்சத்தில் பார்த்தாள், லூஸ் என்றாள். பிரித்து மறுபடி கட்டினாள். அவன் அடுத்த முனையைப் பிடித்துக்கொண்டான்.