கன்று வீசிய செய்தி

பால்காரருக்குக் காய்ச்சல் என்றதும் அவர் மனைவி முதலில் திட்டத்தான் செய்தாள். வெறுங்காலோடு மாட்டுக் கொட்டகையில் இறங்காதீங்க என்று சொன்னால் அந்த மனுஷன் காதில் விழுந்தால்தானே! கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்று முனகினார். கண் இரண்டும் கோவைப்பழமாய்ச் சிவந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது உடம்பே மஞ்சள் பூத்திருந்தது, மூத்திரம் அடியோடு நின்றுபோயிருந்தது. நாளைக்குள் மூத்திரம் இறங்காவிட்டால் சிறுநீரகம் கைவிட்டுவிடும் என்றார் டாக்டரம்மா.

வீட்டில் வேறு யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று டாக்டரம்மா கேட்டபோது இருவரும் இல்லை என்றே சொல்லியிருந்தார்கள். பொய்யில்லை, மனிதர்கள் யாருக்கும் ஒன்றுமில்லை. மாட்டைப் பற்றி யார் கேட்டார்கள்? முந்தின வாரம் செவலை மாடு மாதம் நிறையாமலே கன்று வீசிவிட்டது. செத்த கன்றை வெறுங்கையால் அள்ளிப் புதைத்தவர் அவர்தான். பால் வாங்குகிறவர்களுக்குத் தெரிந்தால் மறுநாளே வேறு வாசலுக்குப் போய்விடுவார்கள், மூச்சு விடாதே என்று அவளிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது! வராந்தாவில் டாக்டரம்மாவை வழிமறித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"இதை ஏம்மா முதல்லயே சொல்லல?"

"மாட்டுக்கு வந்தது மனுஷனுக்கும் வருமாம்மா?"

வரும் என்றார். எலிக்காய்ச்சலாம். தீவன மூட்டையில் எலி மூத்திரம் பெய்தால் மாட்டுக்கு வருமாம்; மாட்டின் மூத்திரமும் கன்று வீசிய நீரும் பட்டால், கையிலோ காலிலோ உள்ள வெடிப்பு வழியே மனிதனுக்குள் இறங்குமாம். நாயும் பன்றியும்கூட விலக்கில்லையாம். ரத்தம் எடுக்கச் சொன்னவர், முடிவு வரும்வரை காத்திராமல் உடனே ஊசியும் போடச் சொன்னார். மாட்டு டாக்டருக்குத் தானே போன் செய்தார். பாலை யாருக்கும் ஊற்றாதே, வாங்கியவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடு என்று அவளிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

அதன் பிறகு கட்டிலோரம் தொங்கிய மூத்திரப் பைதான் அவளுக்கு உலகம். குழாயை நீவிப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள், நர்ஸிடம் வாங்கியும் கட்டிக்கொண்டாள். மறுநாள் மதியம் பையின் அடியில் மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. அப்புறம் மெல்ல மெல்ல ஏறியது. போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. காலமெல்லாம் மாட்டு மூத்திரம் கழுவி அலுத்தவள், அந்தப் பையைப் பார்த்து வாய்விட்டு அழுதாள்.

அழுகைச் சத்தத்தில் அவர் கண் திறந்தார். மாடு எப்படி இருக்கிறது என்று கேட்டார். அதற்கும் ஊசி போட்டாயிற்று, தனியாகக் கட்டியிருக்கிறது என்றாள். அவர் முகம் மாறியது.

"அப்ப, ஊருக்கே தெரிஞ்சு போச்சா?"

"நானே எல்லாருக்கும் சொல்லிட்டேன். போறவங்க போகட்டும். நீங்க எங்கயும் போகல, அது போதும் எனக்கு."